பழைய ரொட்டியும் இளைஞர் கடனும்

கல்லூரி ஆண்டு மலரின் தமிழ்ப் பகுதியைத் திறப்போர் சங்கச் சான்றோரின் செய்யுள் நயத்தையோ, சமய உண்மைகளையோ, நாட்டு முன்னேற்றத்திற்குரிய பெருவழிகளையோ அங்கே எதிர்நோக்குதல் இயல்பு. அத்தகைய ஏட்டிலே பழைய ரொட்டியைப் பற்றி எழுதப் புகுவது சிலர்க்கு நகைப்பை விளைக்கலாம். எனினும், நாள்தோறும் மும்முறை நாம் நாடிச் செல்வது உணவையே யன்றி நூலையன்று. உணவைப் பற்றிச் சிந்தியாத கல்வி வாழ்வின் பெரும் பகுதியைச் சிந்தியாது விட்ட கல்வியே யாகும். ஆகலின் இச்சிறு பொருளை எடுத்துக்கொண்டதற்கு நண்பர்கள் பொறுமை காட்டுவார்களாக.

ஆறி இறுகிப்போன ரொட்டித் துண்டுகளை முட்டையும் பாலும் கலந்த கலவையிலே தோய்த்து, நெய்யிட்டுக் கல்லிலே சுட்டு, வெதுவெதுப்பான பழக்கலவையை அவற்றின்மேற் பெய்து உண்ணும் சிற்றுண்டி ஒன்றுண்டு. ஆங்கிலேயர் இதனைப் பிரெஞ்சு டோஸ்ட் என்பர். பழம் சேராத எளிய வடிவிலே இது நம் தேநீர்க் கடைகளிலும் ரொட்டிக் கடைகளிலும் பாம்பே டோஸ்ட் என்னும் பெயரால் வழங்குகின்றது. இலங்கையிலும் அப்பெயரே வழக்கு. இதனைக் கடையில் வாங்கி உண்பதோடு அமையாது, வீட்டிலே தம் கையாற் செய்யக் கற்றுக்கொள்ளுதல் மாணவர்க்கு, சிறப்பாக ஆண் மக்களுக்கு, ஒரு கடமை என்பதே யான் இங்கு நிலைநாட்ட விரும்பும் கருத்து. நாவின் சுவை பற்றி மட்டும் இதனைக் கூறுகின்றேனல்லேன். உணவை வீணாக்கும் குற்றம், வீட்டுப் பணியைப் பெண்டிர் தலையிலே சுமத்திவிட்டு நாம் உண்ண மட்டும் அமர்ந்திருக்கும் குற்றம் ஆகிய இரண்டையும் நீக்கத் தொடங்குவதற்கு இஃது ஓர் எளிய வாயில் என்பது என் துணிபு.

சென்னையினின்று அரக்கோணம் செல்லும் இருப்புப் பாதையிலே, திருவள்ளூர்க்கு அப்பால் உள்ளது கடம்பத்தூர். இராயபுரத்தையும் வாலாஜா ரோட்டையும் இணைத்து 1856-ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட, தென்னாட்டின் முதற் பயணிகள் இருப்புப் பாதை இவ்வூரின் வழியே செல்வது. வயலும் ஏரியுமாய் இருந்த இப்பக்கத்திலே இன்று தொழிற்சாலைகள் பல எழுந்துள்ளன. காக்களூர்த் தொழிற்பேட்டைக்கும், வடக்கே கும்மிடிப்பூண்டிக்கும், தெற்கே ஸ்ரீபெரும்புதூர்க்கும் ஒரகடத்திற்குமாக ஆடவரும் பெண்டிரும் விடியுமுன்னரே வீட்டை விட்டுப் புறப்படுகின்றனர். மாணவரும் தொழிலாளரும் ஒரே வண்டியில் நெருங்கி நிற்கின்றனர். இத்தகைய ஊரிலே காலை உணவு என்பது அமைதியாக அமர்ந்து ஆக்கி உண்பதற்குரியதாக இல்லை. ஓடும் ஓட்டத்தில் முடிப்பதற்குரியதாகிவிட்டது. அதனாலேயே, முன்னர் நோயாளிக்கென்றே வாங்கப்பட்ட ரொட்டி இப்பொழுது நலமுடையோர் வீட்டிலும் நாள்தோறும் புகுந்திருக்கின்றது.

நம் வீடுகளிலே ரொட்டிக்கு நெடுங்காலம் ஒரு தாழ்ந்த நிலையே இருந்தது. காய்ச்சல் கண்டவர்க்குப் பாலில் நனைத்துக் கொடுக்கும் பத்திய உணவாக மட்டுமே அது கருதப்பட்டது. காய்ச்சல் நீங்கியதும் எஞ்சிய ரொட்டியை எவரும் விரும்பார். இரண்டு நாள் அடுக்களை மூலையிற் கிடந்து, மூன்றாம் நாள் அது காக்கைக்கோ குப்பைக்கோ போய்ச் சேரும். சோற்றுப் பருக்கை ஒன்று தரையில் விழுந்தாலும் எடுத்து ஒற்றிக்கொள்ளும் பாட்டியார், ரொட்டியை வீசுதற்குச் சிறிதும் வருந்துவதில்லை. நம் மண்ணில் விளையாத பொருள், கடையிற் காசு கொடுத்து வாங்கிய பொருள், ஆகலின் அதன்மேல் உழவரின் வியர்வை தோன்றுவதில்லை போலும்! ஆயினும் அக்கோதுமையும் ஓர் உழவர் விளைத்ததே. பஞ்சாபிலோ மத்தியப் பிரதேசத்திலோ அவரும் ஏர் பிடித்தவரே.

எஞ்சியதை மறுபடி இன்சுவை உணவாக்கும் கலை நமக்குப் புதிதன்று. இரவு மிஞ்சிய சோறு நீர் ஊற்றப்பட்டுக் காலையிற் பழையதாகின்றது. எஞ்சிய இட்டிலி உதிர்க்கப்பட்டு உப்புமாவாகின்றது. புளித்த மாவு வெங்காயம் சேர்ந்து ஊத்தப்பமாகின்றது. வற்றலும் வடகமும் ஒரு காலத்து மிகுதியை மற்றொரு காலத்து உணவாக்கும் வகைகளே. இங்ஙனம் சோற்றினிடத்தும் மாவினிடத்தும் நம் முன்னோர் காட்டிய விழிப்பை, நேற்று வந்த ரொட்டியினிடத்து நாம் காட்டவில்லை. அதற்குரிய வழியைப் பிற நாட்டார் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே கண்டுள்ளனர். அதனை அறிந்து மேற்கொள்ளுதலில் இழிவு யாதுமில்லை.

இச்சிற்றுண்டியின் வரலாறு சுவையுடையது. உரோமானியர் காலத்து அடுதொழிலைக் கூறும் அப்பீசியஸ் என்னும் பெயருடைய நூலிலே, வெள்ளை ரொட்டியின் மேலோட்டை நீக்கிப் பெருந்துண்டுகளாக்கிப் பாலில் ஊறவைத்து, எண்ணெயில் வறுத்துத் தேன் ஊற்றிப் பரிமாறும் முறை கூறப்பட்டுள்ளது. பிரெஞ்சு மக்கள் இதற்கிட்ட பெயர் ‘இழந்துபோன ரொட்டி’ என்னும் பொருளது. பயனற்றுப் போயிற்று என்று கைவிடப்பட்டதை மீட்டுக்கொண்டதனால் இப்பெயர் வந்தது. ஜெர்மானியர் இதனை ‘ஏழை வீரர்’ என்னும் பெயரால் வழங்குவர். ஸ்பெயின் நாட்டினர் தவக்காலத்திலும் பெரிய வாரத்திலும், போர்ச்சுகல் நாட்டினர் கிறிஸ்து பிறப்பு விழாவிலும் இதனைச் சிறப்பாக ஆக்குவர். 1660-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே ராபர்ட் மே என்னும் சமையல் வல்லுநர் வெளியிட்ட நூலில் ‘பிரெஞ்சு டோஸ்ட்’ என்ற பெயரே காணப்படுகின்றது. அங்கே சுட்ட ரொட்டியைத் திராட்சை மதுவிலும் சர்க்கரையிலும் நாரத்தை யினத்துப் பழச்சாற்றிலும் தோய்க்கச் சொல்லியிருக்கின்றதே யன்றி முட்டையைப் பற்றிய பேச்சில்லை. ஒரே பெயர் பல பண்டங்களையும், ஒரே பண்டம் பல பெயர்களையும் பெறுதல் உணவுலகில் இயல்பு. பெயர் யாதாயினும், பெரும்பாலும் எங்கும் இதன் பிறப்பிடம் எளியோர் அடுக்களையே. எங்கும் இதன் தாய் சிக்கனமே.

கிறிஸ்தவக் கல்லூரியிற் பயில்வோர்க்கு இங்கே மற்றொன்றும் நினைவு வரும். ஐயாயிரவர்க்கு உணவளித்த நிகழ்ச்சியை யோவான் கூறுமிடத்து, யாவரும் உண்டு நிறைந்த பின்னர், எஞ்சிய துணிக்கைகளை வீணாகாதபடி சேர்த்தெடுக்குமாறு இயேசு பெருமான் சீடர்க்குப் பணித்ததாகவும், அவை பன்னிரண்டு கூடை நிறைந்ததாகவும் காண்கின்றோம். ஐந்து அப்பங்களைப் பல்லாயிரவர்க்குப் போதுமானதாக்க வல்லவர் எஞ்சிய துணிக்கைகளைப் பற்றிக் கவலை கொள்வானேன்? மிகுதி என்பது வீணாக்குதற்கு உரிமை தருவதன்று என்பதை உணர்த்தவே யன்றோ! அவ்வற்புதத்தைப் பற்றி மேடைதோறும் பேசும் நாம், அதன் முடிவிலே கூறப்பட்ட அக்கட்டளையைப் பற்றி அடுக்களையில் நினைப்பதில்லை.

இந்நினைவு இக்காலத்திற்கு எத்துணை வேண்டற்பாலது என்பதை எண்கள் உணர்த்தும். ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டத்தார் 2024-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் உலகத்தில் வீணாக்கப்பட்ட உணவு ஏறத்தாழ 105 கோடி டன். அதில் நூற்றுக்கு அறுபது பங்கு வீடுகளிலேயே வீணாயிற்று. உணவு விடுதிகளையும் திருமண மண்டபங்களையும் குறைகூறும் நாம், பெரும் பங்கு நம் வீட்டுக் குப்பைக் கூடையினின்றே செல்வதை அறிதல் வேண்டும்.

இனி, ரொட்டி பழையதாவது எங்ஙனம் என்பதைச் சிறிது ஆராய்வோம். காற்றில் ஈரம் உலர்வதனாலேயே ரொட்டி இறுகுகின்றது என்று பலரும் எண்ணுவர். 1852-ஆம் ஆண்டில் பூசிங்கோ என்னும் பிரெஞ்சு வேதியியலறிஞர், ஈரம் வெளியேறாதவாறு காத்த ரொட்டியும் இறுகுதலையும், அதனை மறுபடி சூடாக்கினால் மென்மை மீளுதலையும் ஆராய்ந்து காட்டினார். சூட்டிலே நெகிழ்ந்து நீரை ஏற்ற மாவுப்பொருள், ஆறிய பின்னர் மெல்ல மெல்ல மீண்டும் ஒழுங்குபட்டு இறுகுவதே அதற்குரிய காரணமாம். இம்மாற்றம் குளிர்பதனப் பெட்டியின் குளிரிலே விரைந்து நிகழும். ஆதலின் ரொட்டியை அதனுள் வைத்தால் பூஞ்சணம் பிடிப்பது தாமதிக்குமே யன்றி மென்மை நிலைக்காது.

இங்ஙனம் இறுகிய ரொட்டியே இச்சிற்றுண்டிக்கு ஏற்றது. புதிய ரொட்டியைப் பாலில் இட்டால் அது குழைந்து கையோடு வரும். பழைய ரொட்டியோ, உறுதியான உடலும் நீர் வேட்கையும் உடையதாய், கலவையைத் தன்னுள் வாங்கிக்கொண்டும் உருக்குலையாது நிற்கும். பின்னர்க் கல்லின் சூடு அதன் இறுக்கத்தை நெகிழ்த்துகின்றது. முட்டையோ அச்சூட்டிலே உறைந்து அதற்குப் புதிய மென்மையையும் கட்டுறுதியையும் தருகின்றது. குறை என்று நாம் கருதியதே இங்கே தகுதியாதல் காண்க.

ஆயின் ஒன்றை வற்புறுத்திக் கூறவேண்டும். பழையது வேறு, கெட்டது வேறு. இறுகிய ரொட்டி பழையது. பச்சையாகவோ கறுப்பாகவோ பூஞ்சணம் பூத்த ரொட்டி கெட்டது. பூஞ்சணம் கண்ட இடத்தை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு மற்றதை உண்ணுதல் தவறு. அதன் நுண்ணிழைகள் கண்ணுக்குப் புலனாகாமல் உள்ளே பரந்திருக்கக்கூடும். அதனை முழுதும் நீக்குவதே முறை. சிக்கனம் என்பது நஞ்சை உண்பதன்று. எதனை மீட்கலாம், எதனை விலக்கவேண்டும் என்று பகுத்தறிதலே சிக்கனத்தின் அறிவுப் பகுதி; அவ்வறிவு இல்லாத சிக்கனம் கஞ்சத்தனமாகவே முடியும்.

செய்யும் முறை பின்வருமாறு. முதல் நாளோ அதற்கு முந்திய நாளோ வாங்கிய ரொட்டியில், விரற்பருமனுள்ள துண்டுகள் நான்கு கொள்க. மெல்லிய துண்டுகளாயின் ஆறு வேண்டும். அகன்ற தட்டிலே முட்டை இரண்டை உடைத்து, வெண்கருவும் மஞ்சட்கருவும் வேறு தோன்றாதபடி நன்கு அடித்து, அதனோடு காய்ச்சி ஆறிய பால் 150 மில்லி லிட்டர், சர்க்கரை இரண்டு தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, பொடித்த ஏலக்காய் சிறிது ஆகியவற்றைக் கலக்க. உப்பை மறத்தலாகாது, இனிப்பைத் துலக்குவது அதுவே. ரொட்டித் துண்டைக் கலவையில் இட்டு, ஒரு பக்கம் அரை நிமிடம், மறுபக்கம் அரை நிமிடம் ஊறவிட்டு, மிகுந்த கலவை வடியுமாறு தூக்கிப் பிடித்து எடுக்க. தோசைக்கல்லை இடைத்தரமான சூட்டில் வைத்து, ஒரு தேக்கரண்டி நெய்யோ வெண்ணெயோ இட்டு, ஒவ்வொரு பக்கமும் இரண்டு மூன்று நிமிடம் பொன்னிறமாகும்வரை சுடுக.

இங்கே பலரும் பிழைபடுவது தீயின் அளவிலே. தோசை வார்ப்பதற்குரிய பெருஞ்சூடு இதற்கு ஆகாது. மேற்புறம் கருகி, நடுவே முட்டை பச்சையாய் நிற்கும். மெல்லிய தீயே வேண்டும். நடுவில் விரலால் அழுத்தினால் ஈரம் கசியாது மீண்டெழுமாயின் வெந்தது என்று அறிக. சுடும்பொழுது எழும் மணமும் பொன்னிறமும், புரதமும் சர்க்கரையும் சூட்டிலே கூடுவதனால் விளைவன. இவ்வினையை 1912-ஆம் ஆண்டில் விளக்கியவர் மயார் என்னும் பிரெஞ்சு அறிஞர். தோசையின் முறுகலுக்கும் காப்பிக்கொட்டையின் மணத்திற்கும் அதுவே பெருங்காரணம்.

முட்டை உண்ணாதார் இதனைக் கைவிட வேண்டுவதில்லை. கடலைமாவு இரண்டு மேசைக்கரண்டியைப் பாலிலே கட்டியின்றிக் கரைத்து, மற்றவற்றை முன்போலவே சேர்த்துத் தோய்த்துச் சுடலாம். சுவை வேறாயினும் பயன் குறையாது.

இனிப் பழக்கலவை. வீட்டிலே பழமும் ரொட்டியைப் போலவே வீணாகும் பொருள். தோல் கறுத்த வாழைப்பழத்தைப் பிள்ளைகள் தொடார். ஒரு பக்கம் அடிபட்ட மாம்பழத்தை விருந்தினர்க்கு வைத்தல் இயலாது. கனிந்து குழைந்த பப்பாளியை எவரும் நாடார். இவையே இதற்கு ஏற்றவை. கனிந்த பூவன் பழம் இரண்டையோ, ஒரு கிண்ணம் மாம்பழத் துண்டையோ எடுத்துக்கொள்க. சிறு வாணலியில் அரைத் தேக்கரண்டி நெய்யிட்டு, பழத்துண்டுகளை இட்டு, பொடித்த வெல்லம் ஒரு தேக்கரண்டியும் நீர் இரண்டு மேசைக்கரண்டியும் சேர்த்து, மெல்லிய தீயிலே மூன்று நான்கு நிமிடம் கிளறுக. சாறு பளபளத்துச் சற்றே தடித்து வரும்பொழுது இறக்கி, எலுமிச்சைச் சாறு சில துளி விடுக. அப்புளிப்பு இல்லையேல் இனிப்பு நாவிலே திகட்டி நிற்கும்.

பழத்தைச் சூடாக்குவதேன், அப்படியே அரிந்து வைத்தல் ஆகாதோ எனின், ஆகும். ஆயின் இதன் சிறப்பு அதனினும் மிகுதி. குளிர்ந்த பழம் சூடான ரொட்டியை உடனே ஆற்றிவிடும். வெதுவெதுப்பான பழமோ தன் சாற்றை நெகிழவிட்டு ரொட்டியினுள் இறங்கும், மணமும் மிகும். அன்னாசிக்கு மற்றொரு காரணமும் உண்டு. பச்சை அன்னாசியில் புரதத்தைச் சிதைக்கும் நொதி இருப்பதால், பாலோடு சேர்ந்தால் கசப்புத் தோன்றும். சூடாக்கினால் அந்நொதி அழிந்து கசப்பு நீங்கும். கொய்யாவைச் சூட்டிலே குழைத்து வடிகட்டினால் விதையின் தொல்லை ஒழியும். பன்னீர்த் திராட்சையை அவ்வாறே வேகவைத்து வடித்தால் நீலச் சிவப்பான சாறு கிடைக்கும். சித்திரை வைகாசியிலே பங்கனபள்ளியும் ருமானியும், ஆனியிலே பலாவும், ஆண்டு முழுவதும் வாழையும் பப்பாளியும் இருக்க, கடல் கடந்த பழங்களைத் தேடி அலைதல் வேண்டா. மேனாட்டுச் சமையல் நூல்கள் கூறும் பழங்கள் அவர் நாட்டுத் தோட்டத்திலே விளைவன. நம் தோட்டத்திலே விளைவனவற்றை நாம் இடுவதே அவர் செய்ததன் உட்பொருளைப் பின்பற்றுவதாகும்.

பழத்தைச் சோற்றோடு இட்டு வந்தவரின் பசி தீர்த்த அன்னை ஒருவரின் திருப்பெயர் கடம்பத்தூர்ப் பக்கத்தார்க்கு மிகவும் நெருங்கியது. அரக்கோணம் செல்லும் வழியிலுள்ள திருவாலங்காட்டில் இறைவன் திருவடிக்கீழ் அமர்ந்தவராகப் போற்றப்படும் காரைக்காலம்மையார் வரலாற்றைச் சேக்கிழார் பெரியபுராணத்திலே கூறுகின்றார். கணவர் கொடுத்தனுப்பிய மாங்கனி இரண்டு வீட்டிலிருந்தன. பசித்த அடியார் ஒருவர் வந்தார். சோறு ஆகியிருந்தது, கறி ஆகவில்லை. அம்மையார் காத்திருக்கச் சொல்லவில்லை. இல்லை என்றும் கூறவில்லை. சோற்றோடு அம்மாங்கனி ஒன்றை இட்டு அமுது செய்வித்தார். பின் நிகழ்ந்த அற்புதத்தை யாவரும் அறிவர். அதற்கு முன்னர் நிகழ்ந்த இந்த எளிய செயலே இங்கு நாம் நினைக்கத்தக்கது. வீட்டில் உள்ளதைக் கொண்டு, உள்ள நேரத்திலே, வந்தவரின் பசியைத் தீர்த்தலே இல்லறத்தின் திறம். விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரும் அதனை இல்லறவியலிலேயே வைத்தார்.

இக்கருத்தை மறுப்போர் சிலர் இருக்கக்கூடும். முதலாவது, இஃது அயல்நாட்டு உணவு என்பர். மிளகாயும் உருளைக்கிழங்கும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்தினின்று வந்தவை. அவற்றை நீக்கினால் நம் சாம்பாரும் குழம்பும் என்னாகும்? பொருள் எங்கிருந்து வந்தது என்பதை விட, அதனை நாம் எவ்வாறு ஆள்கின்றோம் என்பதே நோக்கத்தக்கது. இட்டிலிக்கும் பழையதுக்கும் மாற்றாக இதனை நாள்தோறும் உண்ணுமாறு யான் கூறவில்லை. வாங்கிய ரொட்டி எஞ்சினால் அதனை எறியாதீர் என்றே கூறுகின்றேன்.

இரண்டாவது, இனிப்பு மிகுமே என்பர். இது தக்க மறுப்பு. நீரிழிவு மலிந்த இந்நாளில் இதனை ஒதுக்கல் இயலாது. உலகச் சுகாதார நிறுவனம் 2015-ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறையில், உணவிற் சேர்க்கும் சர்க்கரை மொத்த ஆற்றலில் நூற்றுக்குப் பத்துப் பங்கிற்கும் குறைவாக இருத்தல் வேண்டுமென்றும், ஐந்து பங்கிற்கும் கீழாயின், அஃதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராம் அளவிற்கும் குறைந்தால், மேலும் நன்று என்றும் கூறியுள்ளது. வெல்லமும் பனைவெல்லமும் இக்கணக்கிலே சர்க்கரையே. நாட்டுப் பொருள் என்பதனால் அவை விலக்குப் பெறா. மேலே யான் கூறிய அளவு நான்கு துண்டுகளுக்கு மூன்றே தேக்கரண்டி. கடையிலே ஊற்றும் பாகோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிது. பழம் நன்கு கனிந்திருந்தால் அதையும் குறைக்கலாம். தம் கையாற் செய்வோர்க்கே இவ்வுரிமை உண்டு என்பதையும் மறவாதீர். மேலும், மைதா ரொட்டியைத் தனியே உண்பதினும், முட்டையும் பாலும் பழமும் சேர்த்து உண்பது உடலுக்கு உறுதி. முட்டை ஒன்றிலே ஏறத்தாழ ஆறு கிராம் புரதம் உண்டு.

மூன்றாவது மறுப்பே உண்மையிற் பெரியது. அதனை வாயாற் கூறுவோர் சிலர், உள்ளத்தே கொண்டோர் பலர். அடுக்களை ஆண்மக்களுக்கு உரியதன்று என்பதே அது. நம் நாட்டிலே சுவையான உணவைப் புகழ வேண்டின், நளபாகம் என்போம், வீமபாகம் என்போம். நளன் நாடிழந்து இருதுபன்னனிடம் பணிபுரிந்த காலத்தும், வீமன் விராடன் மனையிலே மறைந்திருந்த காலத்தும் கரண்டி பிடித்தவர்கள். அவர்தம் ஆண்மை அதனாற் குறைந்ததென்று எப்புலவரும் பாடினாரில்லை. திருமணப் பந்தலிலே அண்டா கவிழ்ப்போரும், உணவு விடுதியிலே தோசை வார்ப்போரும் பெரும்பாலும் ஆடவரே. கூலி கிடைக்குமிடத்து ஆடவர்க்கு உரியதாகும் தொழில், கூலியில்லாத வீட்டிலே மட்டும் பெண்டிர்க்கே உரியதாவது எங்ஙனம்? இதற்கு விடை கூறுவார் யார்?

2019-ஆம் ஆண்டில் இந்திய அரசு நடத்திய காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பிலே, கூலியற்ற வீட்டுப் பணியில் ஈடுபட்ட பெண்டிர் நூற்றுக்கு 81.2 பேர், ஆடவர் 26.1 பேர். அப்பணியில் ஈடுபட்ட பெண்டிர் நாளொன்றுக்குச் செலவிட்ட நேரம் 299 நிமிடம். ஈடுபட்ட ஆடவர் செலவிட்டது 97 நிமிடம். ஐந்து மணி நேரம்! கடம்பத்தூர்ப் பக்கத்திலே தொழிற்சாலைக்கும் அலுவலகத்திற்கும் செல்லும் தாய்மார் இவ்வைந்து மணி நேரத்தை எங்கிருந்து எடுக்கின்றனர்? உறக்கத்தினின்றே எடுக்கின்றனர். இரவுப் பணி முடித்து விடியலில் வீடு திரும்பும் தாய், கால் கழுவிய ஈரம் உலருமுன் அடுப்பண்டை நிற்கின்றார். வயது வந்த மகன் செய்தித்தாளையோ கைப்பேசியையோ நோக்கிக்கொண்டு, உணவு ஆயிற்றா என்று கேட்கின்றான். அவன் பட்டம் பெறப் போகின்றவன். பட்டம் பெற்ற பின்னரும் அவ்வாறே கேட்பான். நாம் கற்ற கல்வி இக்கேள்வியை மாற்றவில்லையாயின், அது நம்முள் எதனை மாற்றிற்று?

காலை உணவின் இன்றியமையாமையை அரசும் உணர்ந்துள்ளது. தமிழ்நாட்டிலே தொடக்கப்பள்ளி மாணவர்க்குரிய காலை உணவுத் திட்டம் 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் மதுரையிலே தொடங்கப்பட்டது. ஊரகப் பகுதிகளிலுள்ள அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் அது விரிவாக்கப்பட்டது 2024-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள், காமராசர் பிறந்த நாளன்று. அவ்விரிவாக்கம் தொடங்கிவைக்கப்பட்ட இடம் இக்கடம்பத்தூர் ஒன்றியத்தைச் சேர்ந்த கீழச்சேரியிலுள்ள பள்ளியே. விடியலிலேயே வேலைக்குச் செல்லும் பெற்றோரின் பிள்ளைகள் பசியோடு பாடம் கேளாதிருக்க இஃது உதவுகின்றது. எனினும் ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை நாளும் உண்டு. அந்நாள்களிலே அக்குழந்தைக்குக் காலை உணவு அளிப்பார் யார்? அண்ணன் அளிக்கலாகாதோ? பள்ளியிலே அரசு செய்வதை, வீட்டிலே மூத்த மகன் செய்தல் பெருமையன்றோ?

அதற்கு இச்சிற்றுண்டியை யான் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. இட்டிலிக்கு முதல் நாளே அரிசியும் உளுந்தும் ஊறவைத்து அரைத்தல் வேண்டும். குழம்பிற்குப் பலநாட் பழக்கம் வேண்டும். இதற்கோ, வேண்டும் பொருள்கள் எளியவை. நேரம் இருபது நிமிடம். முன்பின் அடுப்பைத் தொடாதவனும் இரண்டாம் முறையிலே செம்மையாகச் செய்துவிடலாம். நீந்தக் கற்போன் முதலில் இடுப்பளவு நீரிலே இறங்குவது போல, அடுக்களைக்குப் புதியோர் இதனின்று தொடங்கலாம். தொடங்கியவர் இதனோடு நிற்பாரல்லர். ஒரு வேளை உணவு ஆக்கியவர்க்கு, மற்ற வேளை உணவு எவ்வளவு உழைப்பில் வருகின்றது என்பது விளங்கும். விளங்கிய பின், தட்டிலே மிச்சம் வைத்து எழுதல் கூசும். உண்ட கலத்தையும், கலவை ஒட்டிய தட்டையும், கரிந்த கல்லையும் தேய்த்து வைப்பதும் இத்தொழிலின் பகுதியே என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை, ஆயினும் சொல்லிவைக்கின்றேன். சமைத்துவிட்டு, பாத்திரங்களைத் தாய்க்கு விட்டு எழுபவர் பாதிப் பணியையே செய்தவராவர்.

கல்லூரி விடுதிகளைப் பற்றியும் ஒரு சொல். ரொட்டி வழங்கும் நாள்களிலே, ஓரத் துண்டுகளைக் கையாலும் தொடாது ஒதுக்குதல் மாணவர் வழக்கம். அவை கூடை கூடையாக வெளியே செல்கின்றன. உணவுக் குழுவினர் அவற்றைத் தூய்மையாகத் தனியே சேர்த்து, மறுநாள் மாலை இச்சிற்றுண்டியாக ஆக்கிப் பரிமாறலாம். மாணவரே முறைவைத்து ஆக்கினால் மேலும் நன்று. பரிசிலுக்கான சொற்போரும் விளையாட்டுப் போட்டியும் இருக்கும் ஆண்டு நிகழ்ச்சி நிரலிலே இதற்கும் ஒரு மாலை ஒதுக்கலாகாதோ? நாட்டுப் பணி, சமூகப் பணி என்று ஊரூராகச் செல்லும் நாம், நம் உணவுக்கூடத்தின் பின்வாயிலிலே தொடங்குதல் எளிது.

நண்பர்களே! வறியோர்க்கு உணவளித்தல் பற்றிய பேச்சிலே நாம் வல்லவர். பாத்திரம் ஏந்திய மணிமேகலையைப் போற்றாத மேடையில்லை. அமுதசுரபி நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பவை இறுகிய ரொட்டி நான்கும் முட்டை இரண்டும் கறுத்த வாழைப்பழமுமே. இவற்றைக் கொண்டு ஒரு தம்பியின் பசியை ஆற்றவும், ஒரு தாய்க்கு அரை மணி நேரம் உறக்கம் அளிக்கவும் இயலும். அரை மணி நேரம் சிறிது என்று எண்ணுவோர், இரவுப் பணி முடித்து வந்தவரைக் கேட்டறிக. வரும் ஞாயிற்றுக்கிழமை காலையிலே, வீட்டார் எழுமுன் எழுந்து, அடுப்பை மூட்டி, இதனைச் செய்து பாருங்கள். முதல் துண்டு கருகினால் அதனை நீங்களே உண்ணுங்கள். நன்றாய் வந்ததை முதலில் தாய்க்குக் கொடுங்கள்.